உள்ளுக்கை என்ன இருந்தா என்ன

என் கணவர் தவரத்தினத்துக்கு ‘எழுத்துச் செம்மல்’ என்று ஒரு பட்டம் உண்டு. அந்தப் பட்டத்தைக் கொடுத்த மன்றத்துக்குத் தலைவர் அவர்தான். பட்டயம் அச்சடித்ததும் எங்கள் கடையில்தான். பொன்னிறக் கரை போட்ட தடித்த தாளை நான்தான் அளந்து வெட்டிக் கொடுத்தேன். மேடையில் அதை வாங்கும்போது, தான் இதை எதிர்பார்க்கவே இல்லை என்று சொல்லிக் கண் கலங்கினார். கட்டிய மனிதரைப் பற்றி இப்படிச் சொல்லலாமா என்று கேட்பவர்கள் ஒரு மாதம் அவரோடு குடித்தனம் நடத்திப் பார்க்கட்டும்.

எங்கள் கடை பாரிசில், ரூ பெர்தொனே என்ற தெருவில், ஒரு நகைக்கடைக்கும் கொத்துரொட்டிக் கடைக்கும் நடுவில் இருக்கிறது. கலியாண அட்டை, பிள்ளை பெரியவளான சாமத்தியவீட்டுப் பதாகை, மரண அறிவித்தல் எல்லாம் அடிப்போம். ஆனால் கடைக்குப் பெயர் வாங்கித் தந்தது கல்வெட்டு. ஆள் செத்து முப்பத்தோராம் நாள், வந்தவர்களுக்குச் சாப்பாடு கொடுத்துக் கையில் ஒரு நினைவுப் புத்தகமும் கொடுத்தனுப்புவோமே, அதைத்தான் யாழ்ப்பாணத்தார் கல்வெட்டு என்கிறோம். படம், பிறந்த ஊர், வாழ்க்கை வரலாறு, தேவாரம், பிள்ளைகளின் புலம்பல் எல்லாம் அதில் இருக்கும். பாரிசில் கண்மூடிய எங்கள் சனத்தில் பாதிப் பேர் என் கணவரின் கணினி வழியாகத்தான் போய்ச் சேர்ந்தார்கள். அவர் வேலை செய்யும் விதம் எளிது. முந்திச் செத்தவரின் கல்வெட்டைத் திறந்து பெயரை மாற்றுவார். ஒருமுறை புங்குடுதீவுக்காரர் ஒருவரை நெடுந்தீவில் பிறக்க வைத்துவிட்டார். வீட்டார் சண்டைக்கு வந்தபோது, ரெண்டும் தீவுதானே என்றார்.

ஒரேயொரு கல்வெட்டில் மட்டும் நான் அவரைக் கை வைக்க விடவில்லை. அது என் தம்பி கரிகாலனுடையது. மூன்று வருஷத்துக்கு முன், பாரிசுக்கு வெளியே ஓல்னே-சூ-புவாவில், வேலைக்குப் போகச் சப்பாத்துக் கட்டக் குனிந்தவன் நிமிரவில்லை. அவனைப் பற்றி ஒரு பக்கம் நானே எழுதினேன். கடைச் சிட்டையைத் தவிர என் வாழ்நாளில் நான் எழுதியது அந்த ஒரு பக்கம்தான். வந்தவர்கள் வாசித்து அழுதார்கள். வாசிக்க வேண்டிய ஆள் மட்டும் வாசிக்கவில்லை. அவனுடைய ஒரே மகள் லக்ஷனாவுக்குத் தமிழ் கேட்டால் விளங்கும், வாசிக்கத் தெரியாது. நான் வாசித்துக் காட்ட இரண்டு தரம் உட்கார்ந்தேன். இரண்டு தரமும் முதல் வரியிலேயே தொண்டை அடைத்துக்கொண்டது. பரவாயில்லை மாமி, விடுங்கோ என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டுப் பிள்ளை எழுந்து போய்விட்டாள்.

அதனால்தான் வட்டார நூலகத்தில் வைக்கப்போகிற இயந்திரத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதும் எனக்குள் ஒரு ஆசை முளைத்தது. எங்கள் வட்டாரமான லா ஷப்பலில் புழங்கும் எல்லா மொழிகளிலும் மக்கள் எழுதி வைத்ததைச் சேர்த்து, ஒரு பெரிய தொடுதிரைக்குள் போடப் போகிறார்களாம். பெயரைத் தட்டினால் பக்கம் வரும். காது படத்தைத் தொட்டால், தமிழ் போன்ற சில மொழிகளை இயந்திரமே வாய்விட்டு வாசிக்கும். தமிழின் பங்காக எங்கள் கல்வெட்டுகளைக் கேட்டிருந்தார்கள். என் தொண்டை அடைத்தால் என்ன, இயந்திரத்துக்குத் தொண்டை அடைக்காது. லக்ஷனா தன் அப்பாவைப் பற்றி நான் எழுதியதைக் காதால் கேட்கலாம். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

என் கணவருக்கு வேண்டியிருந்தது வேறு. திரைக்குப் பக்கத்தில் சுவரில் தன் பெயர் வர வேண்டும், அதுவும் மற்ற மொழிக்காரர்களின் பெயருக்கு மேலே வர வேண்டும். அதற்காக நூலகத்துக்கு நடையாய் நடந்தார்.

திறப்புவிழாவுக்குச் சில கிழமைகளுக்கு முன் மெசியோ பா எங்கள் கடைக்கு வந்தார். மூலையில் மருந்துக்கடை வைத்திருக்கும் கினி நாட்டுக்காரர். இந்தத் தெருவில் டொக்டரிடம் போவதற்கு முன் எல்லாரும் அவரிடம்தான் போவார்கள். என் கணவரும் மாதாமாதம் அவர் கையால் பிரஷர் குளிசை வாங்கி விழுங்குகிறவர்தான். வெளியே வந்ததும் அவரைக் ‘கறுவல்’ என்கிற வாயும் அதே வாய்தான். நாங்கள் ஏதோ பாலில் குளித்துவிட்டு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் என்று அவருக்கு நினைப்பு.

பாவின் ஆட்கள் பேசுவது ஃபூலா மொழி. அவர்களும் நூலக இயந்திரத்துக்குக் கதைகளும் பாட்டுகளும் கொடுக்கிறார்கள். அதற்கு ஒரு சுவரொட்டி அடிக்க வேண்டும் என்று ஒரு யுஎஸ்பி குச்சியை நீட்டினார். என் கணவர் அதைச் செருகித் திறந்தார். திரை முழுக்க வெறும் சதுரப் பெட்டிகள்.

“பாத்தியே இந்திரா, கொம்பியூட்டரே உதை எழுத்தெண்டு ஒத்துக்கொள்ளுதில்லை” என்றார் என்னிடம் தமிழில். பிறகு பாவிடம் பிரெஞ்சில், உங்கள் எழுத்துக்கு எத்தனை வயது என்று விசாரித்தார்.

“முப்பத்தைந்துக்கு மேல் இருக்கும்” என்றார் பா.

“எங்கடை கலியாணத்தைவிட இளசாம். இது பெரிய எழுத்து.” இதுவும் எனக்குத் தமிழில். எங்கள் கலியாணத்தைவிட எதுவும் இளமையாகத்தான் இருக்கும் என்று நான் சொல்லவில்லை.

பா கோபப்படவில்லை. அவருக்குத் தன் எழுத்தைப் பற்றிப் பேசக் கிடைத்ததே போதுமாக இருந்தது. அதற்கு ஆத்லாம் என்று பெயர். கினியில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த ஒரு அண்ணனும் தம்பியும், எங்கள் மொழிக்கு ஏன் சொந்த எழுத்து இல்லை, ஏன் அரபியிலும் பிரெஞ்சு எழுத்திலும் இரவல் வாங்கி எழுத வேண்டும் என்று கேட்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தாங்களே வரைந்த எழுத்து. வலமிருந்து இடமாக ஓடும். சந்தையில் மிளகாய் விற்கிற பெண்கள் முதலில் படித்தார்கள். அவர்களிடமிருந்து அடுத்தவர், அடுத்தவர் என்று நாடு நாடாகப் போய்விட்டது.

“கணினிக்குள் கொண்டுவருவதுதான் பெரும்பாடு” என்றார் பா. “முதலில் நாங்கள் ஒரு குறுக்குவழி செய்தோம். அரபு எழுத்துக்கு மேல் எங்கள் எழுத்தின் வடிவத்தைப் போர்த்தினோம். எங்கள் கணினியில் அழகாகத் தெரியும். ஒருவருக்கு அனுப்பினால் அந்தப் பக்கத்தில் போர்வை கழன்று வெறும் அரபு எழுத்தாக நிற்கும், அர்த்தமே இல்லாமல். அப்புறம்தான் யூனிகோடுக்காரர்களிடம் போனோம். உலகத்து எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுத்து, எல்லாக் கணினியும் அதை ஏற்றுக்கொள்ள வைக்கிறவர்கள் அவர்கள்தான். மனு எழுதி, சான்று காட்டி, திருத்தி, திரும்ப எழுதி, இரண்டாயிரத்துப் பதினாறில்தான் எண் கிடைத்தது. அது கிடைத்தபோது என் அம்மா ஆடு அறுத்துச் சமைத்தாள்.”

என் கணவருக்கு இதில் காதில் விழுந்தது குறுக்குவழி என்ற ஒரு சொல்தான்.

“நானும் அப்பிடித்தான் தமிழைக் கொம்பியூட்டரிலை ஏத்தினனான்” என்று நெஞ்சை நிமிர்த்தினார். ஏற்றியவர் அவர் இல்லை. பாமினி என்ற எழுத்துருவை யாரோ லண்டனிலிருந்து கொண்டுவந்த பிளாப்பியில் வாங்கிப் போட்டார், அவ்வளவுதான். அது ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழின் வடிவத்தைப் போர்த்திய எழுத்துரு. ‘ஜே’ விசையைத் தட்டினால் திரையில் ‘த’ தெரியும். கணினிக்குத் தெரிந்தது ‘ஜே’ மட்டும்தான். முப்பது வருஷமாக எங்கள் கடையில் எல்லாமே அதில்தான். “உங்களுக்கும் அப்பிடியே செய்து தாறன். ஏ, பி, சி-க்கு மேலை உங்கடை கோடுகளைக் கீறி விட்டாச் சரி. ஒரு கிழமை காணும்.”

பா திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அதில் யாரோ ஒருவரின் கல்வெட்டு திறந்திருந்தது. “அப்படியானால் உங்களுடையதும் உள்ளே தமிழ் இல்லையா?” என்று மெதுவாகக் கேட்டார். “நூலகத்துக்கு அதையா கொடுக்கப் போகிறீர்கள்?”

“உள்ளுக்கை என்ன இருந்தா என்ன? வெளியிலை தமிழ்தானே” என்றார் என் கணவர்.

பா நன்றி சொல்லிக் குச்சியைக் கழற்றிக்கொண்டு போனார். சுவரொட்டியைப் பக்கத்து ஷாத்தோ ரூஜ் வட்டாரத்தில் அச்சடித்துக்கொண்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். எனக்கு மனசு கேட்கவில்லை. “இஞ்சருங்கோ, அந்தாள் சொன்னது எங்கடைக்கும் சரியே?” என்று கேட்டேன்.

“உனக்கு என்ன தெரியும்? அங்கை பெரிய மெஷின் வைக்கிறாங்கள். அதிலை எல்லாம் வரும்” என்றார். முப்பது வருஷமாகப் பதாகைகள் சரியாகத்தான் வந்திருந்தன. வர வேண்டும் என்று எனக்கும் ஆசை. நம்பினேன்.

மறு கிழமை நூலகத்திலிருந்து நதாலி வந்தாள். புதுச்சேரிக் குடும்பம், இங்கேயே பிறந்தவள், இயந்திரத்துக்குப் பொறுப்பு அவள்தான். அவள் பேசும் தமிழ் தமிழே இல்லை என்பது என் கணவரின் கட்சி. அவளுக்கு முன்னால் மட்டும் ‘பிள்ளை, பிள்ளை’ என்று குழைவார்.

“ஐயா, இந்த ஃபிஷியே, கோப்பு எல்லாம் யூனிகோட்லதானே இருக்கு?” என்று கேட்டாள். “இல்லன்னா இப்பவே சொல்லிடுங்க. மாத்தறதுக்கு வழி இருக்கு, பெரிய வேலையே இல்ல. நானே பண்ணிடுவேன்.”

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதருக்கு ஒரு வாசலைத் திறந்து காட்ட முடியாது. பாவும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். தெரியாது, பார் பிள்ளை என்று சொன்னால் விஷயம் முடிந்தது.

“நான் தமிழைக் கொம்பியூட்டரிலை ஏத்தேக்கை நீர் பிறக்கேல்லைப் பிள்ளை” என்றார் செம்மல். “எல்லாம் யூனிகோட்தான்.”

திறப்புவிழா ஒரு சனிக்கிழமை பின்னேரம். என் கணவர் கோட்டுக்கு மேல் பொன்னாடை போட்டுக்கொண்டு வந்தார். போர்த்த ஆள் வராவிட்டாலும் பரவாயில்லை என்று வீட்டிலேயே போட்டுக்கொண்டார். லக்ஷனா ஓல்னேயிலிருந்து வந்திருந்தாள். தாதிப் படிப்பில் கடைசி வருஷம், இரவு வேலை முடித்துத் தூங்காமல் வந்த முகம். உன் அப்பாவைப் பற்றி நான் எழுதியதை இன்றைக்குக் கேட்கலாம் என்று சொல்லித்தான் கூப்பிட்டிருந்தேன். வேறு எதற்கும் அவள் எங்கள் கூட்டங்களுக்கு வருவதில்லை. புத்திசாலிப் பிள்ளை.

முதலில் ஃபூலா மொழிக்காரர்கள். நீலத் துணி சுற்றிய ஒரு அம்மாள் திரை முன்னால் போய் நின்றார். பள்ளிக்கூடமே போகாதவர், ஐம்பது வயதில் பாவின் ஞாயிறு வகுப்பில் எழுத்துப் படித்தவர் என்று நதாலி சொன்னாள். அந்த அம்மாள் ஒரு விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டினார். எழுத்துகள் வலப்பக்கத்திலிருந்து ஒன்றன் கையை ஒன்று பிடித்துக்கொண்டு நகர்ந்தன. தன் ஊர்ப் பெயரைத் தேடினாராம். அந்த ஊர்ப் பாட்டு ஒன்று வந்து நின்றது. அதை அவர் உரத்து வாசித்துவிட்டு, பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். என் கணவர் தட்டவில்லை, பொன்னாடையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

அடுத்தது தமிழ். அவர் முதலில் பேசினார். கல்தோன்றிய காலத்திலிருந்து தொடங்கி, இடையில் தமக்குக் கிடைத்த பட்டத்தையும் சொல்லி, இன்று வந்த எழுத்துகளோடு எங்களை ஒன்றாக நிறுத்தியதில் சிறு வருத்தம் உண்டென்றும் சொல்லி முடித்தார். நதாலி அதைப் பிரெஞ்சில் சொல்லும்போது கடைசி வாக்கியத்தை விழுங்கிவிட்டாள். நல்ல வளர்ப்பு.

பிறகு நான் திரைக்குப் போனேன். வாட்ஸப்பில் தட்டுவதுபோலத் தட்டினேன். கரிகாலன். ஒன்றும் கிடைக்கவில்லை என்றது திரை. நான் பிழையாகத் தட்டினேன் என்று என் கணவர் என்னைத் தள்ளிவிட்டுத் தானே தட்டினார். ஒன்றும் கிடைக்கவில்லை. தன் தாயின் பெயரைத் தட்டினார். ஒன்றும் கிடைக்கவில்லை. பாரிசில் செத்த அத்தனை தமிழரையும் உள்ளே வைத்துக்கொண்டு, ஒருவரையும் தெரியாது என்றது இயந்திரம்.

நதாலிக்கு முகம் மாறிவிட்டது. அவள் கோப்பு வரிசைக்குள் போய், திகதியை வைத்துத் தம்பியின் கல்வெட்டைத் தேடித் திறந்தாள். தம்பியின் படம் வந்தது. படத்துக்குக் கீழே தமிழ் இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாக ஒரு பக்கம் நிறையக் குப்பை. நான் எழுதிய பக்கம் அதுதான். எழுத்து எப்படித் தெரிந்தாலும் குரல் சரியாகத்தான் வரும் என்று லக்ஷனா நினைத்தாளோ என்னவோ, யாரும் தடுப்பதற்கு முன் காது படத்தைத் தொட்டுவிட்டாள்.

இயந்திரம் அதைப் பிரெஞ்சு என்று எடுத்துக்கொண்டது. ஒரு பிரெஞ்சுக்காரியின் குரல், நல்ல மரியாதையான குரல், முதல் வரியில் இருந்த என் தம்பியின் பெயரைப் பிரெஞ்சு எழுத்து எழுத்தாக வாசித்தது.

“எஃப். யூ. பே. எஃப். அஷ். இக்ரெக். தே. புவான் விர்கூல்.”

பின்னால் நின்ற சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். குரல் நிற்கவில்லை, அதே மரியாதையோடு அடுத்த வரிக்குப் போனது. லக்ஷனா என் கையைப் பிடித்தாள்.

“மாமி, இது அப்பாவா?” என்று பிரெஞ்சில் கேட்டாள்.

எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது. நதாலிதான் பாய்ந்து குரலை நிறுத்தினாள்.

“இது மெஷின்ரை பிழை” என்றார் என் கணவர். “வெள்ளைக்காரன் செய்த மெஷின். தமிழனுக்கு எண்டு வந்தா இப்பிடித்தான் செய்வாங்கள்.”

“இல்ல ஐயா” என்றாள் நதாலி. “இது பழைய ஃபோந்த். ஒண்ணும் கெட்டுப்போகல. கொன்வெர்த்திசர் இருக்கு, அஞ்சு நிமிஷத்துல மாத்திடலாம். இப்பவே மாத்தட்டுமா?”

ஐந்து நிமிஷம். அதற்கு அவர் தலையை ஆட்டினால் போதும். ஆனால் தலையை ஆட்டினால் இது யூனிகோட் இல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே. அதுவும் ஒரு புதுச்சேரிப் பெட்டைக்கும் ஒரு கினிக்காரருக்கும் முன்னால். “எங்கடை எழுத்திலை ஆரும் கை வைக்க நான் விடமாட்டன்” என்று, கல்வெட்டுகளை ஏற்றிக் கொடுத்திருந்த யுஎஸ்பி குச்சியை இயந்திரத்திலிருந்து பிடுங்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, கோப்புகளையும் அழிக்கச் சொல்லிவிட்டுப் பொன்னாடையோடு வெளியே போனார். ஃபூபூர் சேன்-தெனி பக்கம் போகிற பேருந்துக்காரன்கூட அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

பா என் பக்கத்தில் வந்து நின்றார். அவர் முகத்தில் இளக்காரம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். “மதாம், எங்களுக்கு எண் கிடைக்க அந்தக் கதவைத் தட்டித் தட்டிக் கை நொந்தது” என்றார். “உங்கள் எழுத்துக்கு அவர்கள் முதல் பதிப்பிலேயே இடம் போட்டு வைத்திருந்தார்கள். தொண்ணூற்றொன்றில். நாற்காலி காலியாக இருக்கும்போது நீங்கள் ஏன் வெளியே நிற்கிறீர்கள் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.”

எனக்கும்தான் விளங்கவில்லை. மெத்ரோவில் வீட்டுக்குப் போகும்போது என் கைப்பேசியைப் பார்த்தேன். முருங்கைக்காய் விலை, ஆர்ஜொந்தெயில் யாருடைய மகள் யாரோடு ஓடினாள், கோயில் நிர்வாகத்தில் யார் யாரைத் திட்டினார்கள், எல்லாம் நல்ல தமிழ் எழுத்தில் இருந்தது. யூனிகோட் என்ற பெயர் தெரியாமலே தெருவே அதில்தான் எழுதிக்கொண்டிருக்கிறது. உயிரோடு இருப்பவர்களின் வம்புக்கு உண்மையான எழுத்து. செத்தவர்களுக்கு மட்டும் போர்வை. என் கணவரும் எனக்குப் பால் வாங்கி வரச்சொல்லி அனுப்புவது உண்மையான எழுத்தில்தான்.

ஞாயிற்றுக்கிழமை உடுப்புத் தோய்க்கும் நாள். எழுத்துச் செம்மலாக இருந்தாலும் சட்டைப்பையைப் பார்ப்பது பெண்சாதிதான். குச்சியை எடுத்தேன். அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் ஒரு பேச்சுக் கேட்க வேண்டும். அடுத்த நாள் கொண்டுபோய் நதாலியிடம் கொடுத்தேன். சொன்னபடி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. எனக்கு அதைப் பார்த்தபோது சந்தோஷம் வரவில்லை, இதற்கா இவ்வளவு கூத்து என்றுதான் இருந்தது.

இப்போது என் கணவர் தெருவில் வேறு கதை சொல்கிறார். இயந்திரத்தில் இருந்த கோளாறைத் தாம் சுட்டிக்காட்டியதால் அவர்கள் திருத்திவிட்டார்களாம். மன்றத்தில் இதற்கு ஒரு பாராட்டு ஏற்பாடாகிறது. பட்டயத்தை நேற்று வடிவமைத்தார். பாமினியில்.

லக்ஷனாவை மறுபடி கூப்பிட நான் கெஞ்ச வேண்டியிருந்தது. ஒரு மத்தியானம், யாருமில்லாத நேரத்தில் வந்தாள். என் பெயரைத் தட்டுவதைவிடக் கவனமாகத் தம்பியின் பெயரைத் தட்டினேன். பக்கம் வந்தது. அவளே காதைத் தொட்டாள். இந்த முறை ஒரு தமிழ்க் குரல். கொஞ்சம் இந்தியத் தமிழ், அதனால் என்ன. கரிகாலன் என்றது. லக்ஷனா கண்ணை மூடிக்கொண்டாள்.

தம்பி எப்படிப் பொய் சொல்லத் தெரியாமல் மாட்டிக்கொள்வான், மழை என்றால் எப்படி வேலைக்குப் போகப் பஞ்சிப்படுவான், மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் யாரென்று தெரியாத ஒரு அரபுக்காரரைக் கட்டிப்பிடித்து எப்படி அழுதான் என்பதெல்லாம் குரல் நிதானமாக வாசித்தது. யாருக்கும் தெரியாமல் மீன்குழம்பில் ஒரு கரண்டி சீனி போடுகிறவன், கேட்டால் இல்லை என்று சத்தியம் பண்ணுகிறவன் என்று நான் எழுதியிருந்த இடம் வந்தபோது, அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

“நானும் போடுவேன்” என்றாள் பிரெஞ்சில். “அவர் போட்டது எனக்குத் தெரியாது.”

மூன்று வருஷமாக இந்தப் பிள்ளைக்கு அது தெரியாமல் இருந்தது. அன்றைக்கு எல்லார் முன்னாலும் அவள் கேட்டது தன் அப்பாவின் பெயரை அல்ல, எட்டு எழுத்துக் குப்பையை. ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல என் கணவருக்கு வாய் வராததால்.